இறக்கம் இல்லாத வீடு

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று எங்கள் பக்கத்தில் யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரே கேள்விதான் வரும். "இறக்கத்துலதானே நிக்குது?" ஆமாம் என்று சொன்னால் பேச்சு முடிந்தது. டயருக்குக் கீழே வைத்த கல்லை எடு, உருள விடு, இரண்டாவது கியரில் கிளட்சை விடு, போய்க்கொண்டே இரு.

கேரள எல்லையில் இருக்கிற பாறசாலையிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியெல்லாம் நிலம் மேடும் பள்ளமுமாகத்தான் கிடக்கிறது. மேட்டில் வீடு, சரிவில் ரப்பரும் மரச்சீனிக் கிழங்கும், அடியில் ஏலா என்று நாங்கள் சொல்கிற வயல். வயலில் பாதி இப்போது வாழை. முற்றத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கிப் போகாத வீடு அபூர்வம். அதனால் வண்டி வைத்திருக்கிற எல்லாரும் அதன் மூக்கு கீழே பார்க்கத்தான் நிறுத்துவார்கள். புதுக் கார் வாங்கினவனும் அப்படித்தான் நிறுத்துகிறான். இதைப் பெரிய புத்தி என்று நானும் நினைத்திருந்தேன். இப்போது கேட்டால் இதைவிட முட்டாள்தனமான பழக்கம் கிடையாது என்பேன். இறக்கம் இருந்தால் வண்டிக்கு என்ன கேடு என்று பார்க்கவே வேண்டாம். பார்க்காமல் இரண்டு வருஷம் ஓட்டலாம். நான் ஓட்டினேன்.

நான் ஓட்டியது பாலியேட்டிவ் வண்டி. கார் என்னுடையது, ஓட்டம் பஞ்சாயத்துடையது. எழுந்து நடக்க முடியாமல் வீட்டில் கிடக்கிறவர்களைப் பார்க்க ஒரு நர்ஸ் வீடு வீடாகப் போவாள். படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைப்பாள், மூத்திரக் குழாய் மாற்றுவாள், மூக்கில் குழாய் போட்டவர்களுக்கு அதைப் பார்ப்பாள். அவளையும் அவள் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. அது என் புருஷன் டாக்ஸியாக ஓட்டிய கார். அவர் நெஞ்சு வலியில் போன பிறகு எல்லாரும் விற்கச் சொன்னார்கள். "பொம்பள டாக்ஸி ஓட்டினா எவன் ஏறுவான்" என்று என் மைத்துனன் கேட்டான். எவனும் ஏறவில்லை, அது உண்மைதான். பஞ்சாயத்து மட்டும் கூப்பிட்டது. நர்ஸ் கூடப் போக ஒரு பொம்பளை டிரைவர் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வருஷா வருஷம் மார்ச்சில் ஓட்டத்தைப் புதுப்பிப்பார்கள். எனக்கு இந்த ஒரு ஓட்டம்தான். இது போனால் வண்டியும் நானும் முற்றத்தில் நிற்க வேண்டியதுதான்.

கோளாறு இதுதான். சாவியைத் திருப்பினால் சில நேரம் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். சில நேரம் உள்ளே எங்கேயோ 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் டக். மறுபடி டக். ஐந்தாவது தடவை ஒன்றுமே நடக்காதது மாதிரி எழுந்து ஓடும். ஒரு நாள் மூன்று தடவை வரும், பிறகு ஒரு வாரம் வராது. மழையிலும் வரும், வெயிலிலும் வரும். இப்படித்தான் வரும் என்று சொல்ல முடிந்தால் மெக்கானிக்கிடம் சொல்லியிருப்பேன்.

நர்ஸ் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், காட்டாக்கடைக்காரி. வாயை மூட மாட்டாள். "சேச்சி, எனக்கு ரோகி பேரு மறந்து போவும், வீட்டு இறக்கம் மறக்காது" என்பாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றன்றைக்குப் போக வேண்டிய வீடுகளின் லிஸ்டை ஒரு தாளில் எழுதுவாள். இறக்கத்தில் நிறுத்த முடிகிற வீட்டுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போடுவாள். அம்பு இருந்தால் பயமில்லை. அம்பு இல்லாத வீடு நாலு இருந்தது. எல்லாம் கடற்கரையில், மணல் தரையில். அதில் வாரம் ஒரு தடவை கட்டாயம் போக வேண்டிய வீடு ஒன்று, பொழியூரில்.

அந்த வீட்டில் இருந்த ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். நீண்டகரைத் துறைமுகத்தில் மீன்பிடி போட்டில் இஞ்சின் டிரைவராக இருந்தவர். தண்ணீர் வற்றிய நேரத்தில் போட்டிலிருந்து ஜெட்டியில் ஏறும்போது தவறி, கல்லில் முதுகு அடித்து விழுந்தார். நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. கை இரண்டும் மட்டும் நன்றாக இருந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வலை கட்டிக் கொடுப்பார். நர்ஸ் கீழே வேலையாக இருக்கும்போது மேலே அவர் கை பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்கு முன்னால் இன்னொரு வரிசை வீடு இருந்ததாம், கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது வாசலில் நின்றால் கருங்கல் சுவர், அதற்கு அப்புறம் தண்ணீர். சந்து முழுக்க ஒரே சமதரை. ஒரு சாண் இறக்கம் கிடையாது.

அதனால் அவரைக் கடைசியாக வைத்தோம்.

இதை நர்ஸும் நானும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. நாளாக நாளாக அப்படி ஆகிவிட்டது. அங்கே போய் வண்டி நின்றுவிட்டால் மற்ற வீடுகள் எல்லாம் கிடக்கும். கடைசியாகப் போனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மாட்டிக்கொள்வோம். காலையில் எட்டு மணிக்குப் புறப்பட்டால் பொழியூர் சேரும்போது மூன்று மணி. அவருடைய பொஞ்சாதி ஒரு நாள் கேட்டாள், "சிஸ்டரே, ஒரு நாளாவது காலையில வந்தா என்ன? மத்தியானம் உச்சைக்கு மேலே இவருக்கு முடியாது." நர்ஸ், "ரூட் அப்படியாக்கும் அக்கா" என்றாள். ரூட்டும் மண்ணாங்கட்டியும் எதுவும் இல்லை, என் வண்டிதான் காரணம்.

மெக்கானிக்குகளிடம் போகாமல் இல்லை. பாறசாலையில் ஒருவனிடம் கொண்டுபோனேன். அவன் முன்னால் சாவியைத் திருப்பினால் வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆனது. பத்துத் தடவை திருப்பினேன், பத்துத் தடவையும் ஆனது. அவன் சிரித்தான். "சேச்சி சாவி திருப்புற ரீதி சரியல்ல. ஒரே பிடியாப் பிடிச்சுத் திருப்பணும்."

"எட்டு வருஷமா நான் திருப்பினது வீட்டுக் கதவுன்னு நெனச்சியா?" என்று கேட்டேன்.

பேட்டரி கடைக்காரன் பேட்டரி போச்சு என்றான். புதுசு போட்டேன். நாலாம் நாள் டக். பிறகு எல்லை தாண்டி களியக்காவிளையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். நம்பர் பிளேட்டைப் பார்த்ததும், "கேரளாக்காரன் கை வச்ச வண்டியாக்கும், அதான்" என்று தொடங்கினான். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி உள்ளே இருந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றினான். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் டக். திரும்பப் பாறசாலைக்காரனிடம் போனால், "அவன் கழத்தின ஸ்டார்ட்டரா? பின்னே சொல்லாண்டாம்" என்றான். எண்ணெய் எங்கே அடிக்கிறீர்கள் என்று கேட்டான். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற மாதிரி எல்லை தாண்டிப் போய் விலை குறைவாக இருக்கிற இடத்தில்தான் பெட்ரோல் அடிக்கிறேன் என்றேன். "அதாக்கும் காரணம். அக்கரை பெட்ரோல்."

"மோட்டார் சுத்தாததுக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்?"

"சேச்சி, நீங்க மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?"

ஒரு மாசம் எல்லைக்கு இக்கரையில் அடித்துப் பார்த்தேன். அதே டக். நடுவில் இரண்டு தடவை ஆக்சிலேட்டர் கேபிள் உருகி ஒட்டிக்கொண்டது. மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறை கருகி, உள்ளே கம்பி நீலமாகி இருந்தது. இரண்டு தடவையும் பாறசாலைக்காரன் புதுக் கேபிள் போட்டான். ஏன் உருகுகிறது என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "வீட்டுல இறக்கம் உண்டல்லோ? பின்னே என்ன?"

வண்டியை நான் கேவலமாக வைத்திருக்கிற ஆள் கிடையாது. டாக்ஸி ஓடத் தகுதியா என்று பார்க்கிற டெஸ்ட் என்று ஒன்று உண்டு. அதற்குக் கொண்டுபோகும் முன்னால் எல்லாரும் வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். நான் வெளியே மட்டும் அடித்துவிட்டு விடவில்லை. பானெட்டைத் திறந்து, பேட்டரியையும் வயர்களையும் கழற்றி வைத்து, துருப்பிடித்த இடமெல்லாம் சுரண்டி, ஜன்னல் கம்பிக்கு வாங்கி மிச்சமிருந்த கறுப்புப் பெயிண்டை நானே பிரஷ்ஷால் அடித்தேன். இரண்டு கோட்டு. காய்ந்த பிறகு எல்லாவற்றையும் திரும்ப முடுக்கினேன். டெஸ்ட் பார்த்த ஆபீசர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "கொள்ளாம், இது யாரு செய்தது" என்று மலையாளத்தில் மெச்சிக் கேட்டார். நான்தான் என்றேன். அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மெக்கானிக்குகள் சாவி திருப்பத் தெரியாதவள் என்று சிரிக்கும்போது இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பொழியூர்க்காரர் என் வண்டியைப் பார்த்ததே இல்லை. கட்டிலில் இருந்துகொண்டு சுவருக்கு அப்புறம் கேட்பதுதான். ஒரு நாள் நாங்கள் புறப்படும்போது டக், டக், டக் என்று எட்டுத் தடவை. சந்தில் யாரும் இல்லை. கோபத்தில் ஹாரனை அழுத்திப் பிடித்தேன். பிறகு எப்படியோ ஸ்டார்ட் ஆனது. அடுத்த வாரம் உள்ளே போனதும் அவர் வலையை மடியில் போட்டுவிட்டுச் சொன்னார்.

"அக்கா, அது பேட்டரி இல்ல. ஹாரன் நல்லா கணீர்னு அடிக்குது. மோட்டாரும் இல்ல, மோட்டார் போச்சுன்னா ஒரே போக்காப் போவும். அது எர்த்தாக்கும். கரண்டு போவுது, திரும்பி வரல்ல. உப்புக் காத்து தின்னிருக்கும். நாங்க போட்டுல மாசத்துக்கு ஒரு தடவை எல்லா எர்த்தும் கழத்தித் தேய்ப்போம்."

"போட்டு வேற, கார் வேற" என்றேன்.

"கரண்டு ஒண்ணுதானே அக்கா."

"ரெண்டு மெக்கானிக் பாத்தாச்சு. நீங்க வலையப் பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டு வலையை எடுத்தார். என்னைப் பார்த்து அந்தப் பாறசாலைக்காரன் எப்படிச் சிரித்தானோ, அதே மாதிரி நானும் அந்த மனுஷனைப் பார்த்துச் சிரித்திருப்பேன். கட்டிலில் கிடக்கிற ஆளுக்குக் கார் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மாற்றி எழுதுவதில் பிரயோஜனம் இல்லை.

அது நடந்தது பிப்ரவரியில். காலையில் முதல் வீடு ஒரு ஏலாக் கரையில். வழக்கமாக மேலே ரோட்டில் இறக்கம் பார்த்து நிறுத்திவிட்டு நடந்து இறங்குவோம். அன்றைக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மேலே நிறுத்த இடமில்லை. கீழே வரை கொண்டுபோய் வரப்போரம் சமதரையில் நிறுத்தினேன். நர்ஸ் வேலையை முடித்துக் கை கழுவும்போது அவள் போன் அடித்தது. பொழியூர்க்காரரின் பொஞ்சாதி. போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"சிஸ்டரே, விடியக்காலம் முதல் டியூபில ஒரு துளி வரல்ல. வயிறு கல்லு மாதிரி இருக்கு. தலை வெடிக்குதுன்னு சொல்லுதாரு. மூஞ்செல்லாம் வேர்த்துச் செவந்து கிடக்கு. வண்டி பிடிச்சு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவட்டா?"

நர்ஸ் முகம் மாறிவிட்டது. அவருக்கு இருக்கிற மாதிரி அடி பட்டவர்களுக்குக் குழாய் அடைத்தால் பிரஷர் தாறுமாறாக ஏறும், அது ஆளையே கொல்லும் என்று பிறகுதான் எனக்குச் சொன்னாள். "தலையைப் பொக்கி, நிமித்தி இருத்துங்க. இதா வாறோம், இப்பம் வாறோம்" என்று சொல்லிப் போனை வைத்தாள். அங்கிருந்து பொழியூர் முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

நான் சாவியைத் திருப்பினேன். டக்.

எத்தனை தடவை திருப்பினேன் என்று தெரியாது. விளக்குப் பிரகாசமாக எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, மோட்டார் மட்டும் அசையவில்லை. நர்ஸ், "சேச்சி, ஆட்டோ விளிக்கட்டா?" என்றாள். நான், "இரு, இப்பம் ஆவும்" என்றேன். வாய்க்காலில் நூறு நாள் வேலைப் பெண்கள் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆறேழு பேர் வந்தார்கள்.

"ஏ பிள்ளே, இந்த வண்டிக்கும் பாலியேட்டிவ் பாக்கணும் போலிருக்கே" என்றாள் ஒருத்தி.

"சிஸ்டரே, இதுக்கும் ஒரு டியூபு போட்டு விடுங்க" என்றாள் இன்னொருத்தி.

தள்ளினார்கள். மண்ணில் டயர் புதைந்தது. வரப்பு முடிகிற இடத்தில் ஏற்றம். ஏற்றத்தில் தள்ளி வண்டி ஸ்டார்ட் ஆகாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் தள்ளச் சொன்னேன். பாதி ஏறி, மூச்சு முட்டிப் பின்னால் விட்டுவிட்டார்கள். பத்து நிமிஷம் வண்டி சூடு ஆறட்டும் என்றேன். பிறகு மறுபடி டக். பேட்டரி முனையில் கல்லால் தட்டினேன். ஒரு தடவை மோட்டார் அரைச் சுற்றுச் சுற்றியது. அந்த அரைச் சுற்று இன்னொரு இருபது நிமிஷத்தைத் தின்றது. அடுத்த தடவை ஆகிவிடும், அடுத்த தடவை ஆகிவிடும்.

என்றைக்கும் ஸ்டார்ட் ஆகாத வண்டியாக இருந்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே ஆட்டோவைக் கூப்பிட்டிருப்போம். இது சில நேரம் ஆகிற வண்டி.

நடுவில் அந்தப் பொஞ்சாதி மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள், "வாறோம், புறப்பட்டாச்சு" என்றாள். நாங்கள் வருகிறோம் என்று சொன்னதால் அவர்கள் வேறு வண்டி பிடிக்கவில்லை. கடைசியில் நர்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ரோட்டுக்கு ஏறினாள். அங்கே நின்று ஆட்டோ பிடித்தாள். அதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. அவள் போய்க் குழாயை மாற்றினாள். அதற்கு முன்பே அவருக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று மெடிக்கல் காலேஜில் சொன்னார்கள்.

நர்ஸ் ஆட்டோவில் போன கொஞ்ச நேரத்தில் நான் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆனது.

மார்ச்சில் பஞ்சாயத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். செக்ரட்டரி மரியாதையாகத்தான் பேசினார். வண்டி பழசு, ரோகிகளுக்குப் புகார் உண்டு, இந்தத் தடவை வேறு ஆளுக்குக் கொடுக்கிறோம் என்றார். நான் கத்தினேன். எத்தனை வருஷம் லீவு எடுக்காமல் ஓட்டினேன், வெள்ளம் வந்தபோது ஓட்டினேன், அப்போது எங்கே போனது உங்கள் புகார் என்று கேட்டேன். மேசையில் அடித்ததில் அவருடைய சாயா சிந்தியது. அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நர்ஸ் வெளியே வராந்தாவில் நின்றாள். "சேச்சி, நான் ஒண்ணும் சொல்லல்ல" என்றாள். சொல்லியிருந்தாலும் தப்பில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அவளைத் தாண்டிப் போனேன்.

வண்டியை விற்கலாம் என்று பார்த்தேன். பார்க்க வந்தவனிடமும் டக். அவன் போய்விட்டான். அவன்தான் போகும்போது, அமரவிளையில் ஒரு கார் எலக்ட்ரீஷியன் இருக்கிறான், காட்டிப் பாருங்கள் என்றான். இனி இறக்கத்தில் உருட்ட மனசில்லாமல், கயிறு கட்டி ஒரு ஜீப்பை வைத்து இழுத்துக்கொண்டு போனேன். எலக்ட்ரீஷியன் சோறு தின்றுகொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டான்.

"டக்குனு கேக்கும்போ லைட்டு மங்குதா?"

"இல்ல. நல்லா எரியும்."

"ஆக்சிலேட்டர் கேபிள் எப்பமாவது உருகிச்சா?"

"ரெண்டு தடவை."

சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுக் கை கழுவினான். ஒரு தடிமனான கேபிளை எடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டினான். இன்னொரு முனையை இஞ்சின் இரும்பில் வைத்து அழுத்திக்கொண்டு, "சாவியைத் திருப்புங்க" என்றான். ஸ்டார்ட் ஆனது. அணைத்தேன், திருப்பினேன், ஆனது. பதினைந்து தடவை. கேபிளை எடுத்துவிட்டான். டக். வைத்தான், ஆனது.

பிறகு இஞ்சினிலிருந்து பாடிக்கு வருகிற செம்புக் கம்பிப் பின்னல் பட்டையைக் காட்டினான். அது பாடியில் ஒரு போல்ட்டால் முடுக்கியிருந்தது. போல்ட்டைக் கழற்றினான். பட்டைக்குக் கீழே கெட்டியாகக் கறுப்புப் பெயிண்ட். போல்ட்டின் மரையில் மட்டும் அங்கங்கே இரும்பு பளபளத்தது. அவன் விளக்கிச் சொன்னது இதுதான். ஸ்டார்ட்டருக்குப் போன கரண்டு இந்தப் பட்டை வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். பெயிண்ட் வழியாகக் கரண்டு போகாது. மரை பட்டும் படாமலும் இருக்கும்போது சில நேரம் போகும், வண்டி அதிர்ந்தால் விட்டுவிடும். வழி கிடைக்காத கரண்டு ஆக்சிலேட்டர் கேபிளில் ஏறிப் போயிருக்கிறது. அதனால்தான் அது உருகியது.

"இங்க பெயிண்டு அடிச்சது யாரு சேச்சி? இது ஜன்னலுக்கு அடிக்குற சாதனமாக்கும்."

"டெஸ்ட்டுக்கு ஆள் வச்சு அடிச்சது" என்றேன்.

"அவனைக் கட்டி வச்சு அடிக்கணும்."

"ஆமா" என்றேன்.

மனதில் பட்டதை மூஞ்சிக்கு நேரே சொல்கிறவள் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு. அன்றைக்கு வாயிலிருந்து அதுதான் வந்தது. அவன் உப்புத்தாளை வைத்து அந்த இடத்தைத் தேய்த்து, போல்ட்டை முடுக்கினான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து நானே பொழியூருக்குப் போனேன். யாரும் கூப்பிட்டுப் போகவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை. சந்தில் வாசலை ஒட்டி நிறுத்தினேன். வலை கட்டிலுக்கு மேலே ஆணியில் சுருட்டித் தொங்கியது. பாதிவரை கட்டிய வலை. அவர் இடது கையால் என்னைப் பார்த்து வா என்று காட்டினார். பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது.

"வண்டி?"

"சரியாச்சு. எர்த்துதான்."

அவர் பாதி வாயால் சிரித்தார். "உப்புதானே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்கும் வசதி. உப்பு என்றால் யார் மேலும் குற்றம் இல்லை.

"உப்பு இல்ல. பெயிண்டு. எர்த்து மாட்டுற இடத்துல பெயிண்டு அடிச்சிருந்தது."

"எந்தப் பொட்டன்?"

"நான்தான்."

அவருடைய பொஞ்சாதி அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பேன். அவள் உள்ளே வந்து, "இவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும், அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள். பிடித்தேன். முன்பெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்துப் பாதி அவரே திரும்புவார். இப்போது முழுப் பாரமும் எங்கள் கையில். முதுகில் புதுப் புண் ஒன்று இருந்தது.

திருப்பிப் படுக்க வைத்த பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னார். "ஒண்ணு ஸ்டார்ட் பண்ணுங்க. கேக்கட்டு."

வெளியே போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒரே தடவையில் ஆனது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினேன். ஆனது. உள்ளே போய், கேட்டுதா என்று கேட்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் இஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் ஹாரன் கேட்டது. பஞ்சாயத்தின் புது பாலியேட்டிவ் வண்டி. முன் சீட்டில் நர்ஸ், மடியில் லிஸ்டு. அந்தச் சந்தில் இரண்டு வண்டி நிற்க முடியாது. என்னைப் பார்த்ததும் அவள் கையை உயர்த்தினாள், பிறகு டிரைவரிடம் ஏதோ சொன்னாள். அவன் ஹாரன் அடிப்பதை நிறுத்தினான்.

மணியைப் பார்த்தேன். எட்டரை. முதல் வீடாக இங்கேதான் வந்திருக்கிறார்கள்.

வழி விட வண்டியை எடுத்துக் கல்சுவர் வரை கொண்டுபோய் நிறுத்தினேன். அவர்கள் வாசலில் நிறுத்திப் பெட்டியை இறக்கினார்கள். டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாயா குடிக்கப் போனான். சுவரோடு சந்து முடிகிறது, அவர்கள் வண்டியைத் தாண்டாமல் நான் வெளியே போக வேறு வழி இல்லை. அவர்கள் வேலை முடித்துப் போகும்வரை நான் கடலைப் பார்த்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.